எண்ணூற்று நாற்பத்தைந்து கிலோ கொடிமரம்

பிள்ளைகளே,

டிராயிங்கின் மூலையில் எடை எழுதும் சின்னக் கட்டம் இருக்கிறதே, அதைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று மூத்தவள் நாலு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கோயம்புத்தூரில் அவளோடு புதிதாகச் சேர்ந்திருக்கிற ஐந்து பேருக்கும் படிக்கக் கொடுப்பாளாம். இளையவனும் இப்போது இதே வேலைக்குத்தான் வந்திருக்கிறான். ஆகவே ஏழு பேருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்பும் ஐ.டி.ஐ.யும் படித்தவன். கோடு போட்டுப் பழக்கமே தவிர எழுதிப் பழக்கமில்லை. மூன்று தடவை தொடங்கி மூன்று தடவையும் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். உட்கார்ந்தால் கால் ஆடுகிறது, நெஞ்சு ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. எங்கள் பக்கத்தில் இதற்கு வெப்ராளம் என்று பெயர். உங்கள் அம்மா கேட்டாள், "ஒரு லெட்டர் எழுததுக்கு இந்தப் பாடா?" என்று. லெட்டர் அல்ல என்று சொன்னேன். பிறகு என்ன என்று கேட்டாள். பேனாவை எடுத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன்.

சாலிட் மாடலில் இருந்து கன அளவை எப்படி எடுப்பது, எடையை எப்படிப் படத்தில் தானாகத் தெரிய வைப்பது என்பதெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த எண் தெரிந்த பிறகு என்ன ஆகும் என்பதுதான் எனக்குத் தெரிந்தது.

குழித்துறைக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையில் முப்பத்தொரு வருஷம் டிராயிங் போட்டேன். திருவட்டாற்றில் இருந்து காலையில் பைக்கில் போவேன், இருட்டுமுன் வந்துவிடுவேன். கேட், தூண், தண்ணீர்த் தொட்டி, ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷின் என்று எதுவும் செய்வோம். அந்தக் காலத்தில் எடையைப் பட்டியல் பார்த்துக் கையால் கூட்டுவேன். கூட்டி முடித்ததும் கட்டத்தில் "சுமார் 900 கிலோ" என்று எழுதுவேன். கம்ப்யூட்டரில் முப்பரிமாணமாக வரையத் தொடங்கியதும் அந்த வேலை போயிற்று. மாடலை மாற்றினால் எடையும் தானாக மாறிவிடும். எண்ணோடு புள்ளியும் வரும். எனக்கு அது பெரிய பெருமையாக இருந்தது. "சுமார்" என்ற சொல் என் படங்களில் இருந்து போனதை நான் கவனிக்கவே இல்லை.

தொடக்கத்திலேயே ஒரு அடி விழுந்தது. ரப்பர் மெஷினுக்கு வார்ப்பிரும்பு ரோலர் ஒன்று வரைந்து வார்ப்புக்காரருக்கு அனுப்பினேன். எடை 20.8 கிலோ என்று இருந்தது. அரை மணி நேரத்தில் போன் வந்தது.

"சாரே, இது ரப்பர் அடிக்க ரோலரா, இல்ல ஒங்க வீட்டுல சப்பாத்தி அடிக்க கட்டையா?"

"ஏன்?"

"இருவது கிலோவாம்! எனக்க பேரப்பிள்ள ஒத்தக்கையில தூக்கிட்டுப் போவான். இது நூத்தம்பது வரும் சாரே, கண்ண மூடிட்டுச் சொல்லுவேன்."

பார்த்தால், மாடலுக்கு இரும்பு என்று பொருள் குறிக்க நான் மறந்திருக்கிறேன். கம்ப்யூட்டர் தன் போக்கில் தண்ணீருக்கு உள்ள அடர்த்தியைப் போட்டுக் கணக்குப் பண்ணிவிட்டது. ஒரு வாரம் பட்டறையில் என்னைச் "சப்பாத்தி" என்று கூப்பிட்டார்கள். அதோடு போயிற்று. அந்த மாதிரித் தப்பு உங்களையும் பிடிக்கும், பயப்படாதீர்கள். ஏழில் ஒரு பங்காக ஒரு எண் நின்றால் யாருக்கும் கண்ணில் குத்தும், யாராவது சிரிப்பார்கள், திருத்திவிடலாம். பார்த்தால் சரியாக இருக்கிற எண்தான் ஆளைக் கொல்லும்.

இனி நான் எழுந்து எழுந்து போனதற்குக் காரணமான கதைக்கு வருகிறேன்.

கடற்கரையில் ஒரு ஊர். பெயர் வேண்டாம். அங்கே கோயிலுக்கு, மாதா கோயிலுக்கு, புதிய கொடிமரம் செய்யும் வேலை எங்களுக்கு வந்தது. பத்து நாள் திருவிழா கொடியேற்றத்தோடுதான் தொடங்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஊர்க் கமிட்டிச் செயலாளர் லாசர் அண்ணன்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பார். விசைப்படகு வைத்திருந்தவர், அறுபது வயதிருக்கும், குரல் மட்டும் கடல் நடுவில் கூப்பிடுகிற அளவுக்கு இருக்கும். அளவெடுக்கப் போன அன்று பழைய கொடிமரத்தைக் காட்டினார். மதில் ஓரமாகக் கிடந்தது.

"பாத்தியளா சாரே. வெளிய பெயின்ட் மினுக்கம். உள்ள முறுக்கு கணக்கா நொறுங்கிப் போச்சு. இஞ்ச காத்துல பாதி உப்பாக்கும். பைப்புக்க உள்ள எடம் விட்டா அங்க போயி குடியிருக்கும். அதனால நாங்க எந்த பைப்பானாலும் உள்ள காங்கிரீட்டு அடைச்சிருவோம். கேட்டு தூணு, துணி காயப்போடுத கம்பம், எல்லாம்."

"அது ஒங்க கொத்தனாரு பாத்துக்கிடட்டு அண்ணே. எனக்க வேல இரும்பு மட்டும்தான்."

இதுதான் நான் சொன்ன பதில். சொல்லிவிட்டு டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டேன். மரத்தை நிறுத்திய பிறகு அடைப்பார்கள் என்று மனதில் ஒரு நினைப்பு. எப்படி அடைப்பார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டாமா?

ஆறு மீட்டர் துண்டுகள் மூன்று. கீழே தடித்த பைப், நடுவில் கொஞ்சம் மெலிது, மேலே இன்னும் மெலிது. ஒன்றோடு ஒன்று தட்டு வைத்து போல்ட் போட்டுச் சேர்க்கிற மாதிரி வரைந்தேன். மொத்தம் பதினெட்டு மீட்டர். கட்டத்தில் எடை தானாக வந்து உட்கார்ந்தது: 845.3 கிலோ. அந்தப் படத்தில் ஒரு பிரதியை லாசர் அண்ணன் கேட்டு வாங்கினார். கிரேன் பேசுவதற்கு எடை தெரிய வேண்டுமாம். மூன்று துண்டுகளும் லாரியில் போய்ச் சேர்ந்தன.

கொடியேற்றம் மாலை ஆறு மணிக்கு. அன்று மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவி வந்தேன். லாசர் அண்ணன் போனில் படம் அனுப்பியிருந்தார். மூன்று துண்டும் சேர்ந்து, கட்டைகள் மேல் நீளமாகக் கொடிமரம் படுத்திருக்கிறது. மேலே மாலை. பக்கத்தில் நாலைந்து பேர் பல்லெல்லாம் தெரிய நிற்கிறார்கள். "இரண்டு மணிக்குத் தூக்குகிறோம்" என்று கீழே எழுதியிருந்தார். நன்று என்று பதில் போட்டுவிட்டு ஒரு பள்ளிக்கூடக் கேட் வரைய உட்கார்ந்தேன்.

ஒரே கோட்டை மூன்று தடவை அழித்தேன். ஏதோ உறுத்தியது. மறுபடி போனை எடுத்துப் படத்தை விரல் வைத்துப் பெரிதாக்கினேன். நடுத் தட்டு சேருகிற இடத்தில், இரண்டு போல்ட்டுக்கு நடுவே, சாம்பல் நிறத்தில் ஒரு ஒழுக்கு. சிமெண்டுப் பால்.

நிறுத்திய பிறகு அல்ல, முதலிலேயே அடைத்திருக்கிறார்கள். துண்டுகள் தனித்தனியாக வந்ததால் கோயில் படியில் சாய்த்து வைத்து ஒவ்வொன்றாக நிரப்பியிருக்கிறார்கள். அதுதானே புத்தியுள்ளவன் செய்கிற வேலை. பதினெட்டு மீட்டர் உயரத்துக்குச் சட்டியைத் தூக்கிக்கொண்டு எவன் ஏறுவான்?

கேட் படத்தை மூடிவிட்டுக் கொடிமரத்தின் மாடலைத் திறந்தேன். ஒழுக்கு தெரிந்த தட்டுக்கு இரண்டு பக்கமும், கீழ்த் துண்டுக்குள்ளும் நடுத் துண்டுக்குள்ளும், காங்கிரீட்டை வரைந்து பொருளைக் குறித்தேன். கட்டத்தில் எண் மாறியது. 2,400 சொச்சம்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அதுவேதான்.

லாசர் அண்ணனுக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. ஊரில் ஒலிபெருக்கி போட்டிருப்பார்கள், இடி விழுந்தாலும் கேட்காது. நாலு தடவை போட்டுவிட்டு முதலாளியின் அறைக்குப் போய்ச் சொன்னேன்.

"கிரேன் எத்தன டன்னு?" என்றார்.

"பன்னெண்டு."

"பொறவென்ன? பன்னெண்டு டன்னுக்காரனுக்கு ரெண்டரை டன்னு புண்ணாக்குல்லா. நீ அங்க போயி நம்ம படம் தப்புண்ணு வாயத் தொறந்தா, நாளைக்கு ஒரு கோயில்காரனும் நம்ம படி ஏற மாட்டான். இரி இஞ்ச."

பன்னிரண்டு டன் என்பது கிரேன் பொருளை ஒட்டி நின்று தூக்கும்போது. தண்ணீர் வாளியை நெஞ்சோடு சேர்த்துத் தூக்குவதும் கையை நீட்டித் தூக்குவதும் ஒன்றா? அந்தக் கொடிமரத்துக்கு எட்டுப் பட்டையில் மூன்று படி வைத்துக் கருங்கல் பீடம் கட்டியிருந்தார்கள். சுற்றிலும் பந்தல் கால்கள். கிரேன் கிட்டே போக முடியாது. தூரத்தில் நின்று கையை முழுசாக நீட்ட வேண்டும். அப்படி நீட்டினால் அதற்கு ஒன்றரை டன் தாங்கினால் பெரிது.

"இரி" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வெளியே வந்தேன். பைக்கை எடுத்தேன்.

பதினாறு கிலோமீட்டர். வழியெல்லாம் ஒரே பேச்சு எனக்குள்ளே. தூக்கியிருப்பார்களோ. கிரேன் வரப் பிந்தியிருக்குமோ. அப்படியே இருந்தாலும் போய் என்ன சொல்வது? முப்பத்தொரு வருஷத்தில் இருபத்தெட்டாவது வருஷம் அது. "அந்த சார் கணக்குச் சரியா இருக்கும்" என்று கரையெல்லாம் பெயர். ஒரு லெவல் கிராசிங்கில் வண்டி நின்றது. ரயில் வருவதற்குள் பத்துத் தடவை ஹாரன் அடித்தேன். பக்கத்தில் மீன்கூடையோடு நின்ற அம்மா கேட்டாள், "எதுக்கு மக்கா அடிக்க? ரயிலு ஒதுங்கியா போவும்?"

நான் போய்ச் சேரும்போது கொடிமரம் பாதி எழுந்துவிட்டது.

மேல்பக்கம் கிரேன் கொக்கியில் தொங்குகிறது. அடிப்பக்கம் பீடத்தின் மேல் ஊன்றியிருக்கிறது. நாலு பக்கமும் நாலு கயிறு, கயிற்றுக்கு ஆறு பேர். அடியில் சூசை என்று ஒரு ஆள், முப்பத்தைந்து வயதிருக்கும், லுங்கியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு கடப்பாரையால் அடித்தட்டை நெம்பி நெம்பி நேராக்குகிறார். செருப்பு இல்லை. கால் விரலுக்கும் அந்த இரும்புத் தட்டுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தால் அதிகம். பெண்களும் பிள்ளைகளும் பந்தலுக்கடியில் நெருக்கி நிற்கிறார்கள். பங்குத்தந்தை படிமேல் நிற்கிறார்.

கிரேன் அறையில் ஆரல்வாய்மொழிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். காற்றாலை வேலையில் பழகிய கை. அவருக்கு முன்னால் கண்ணாடியில் என் படம் ஒட்டியிருந்தது. 845.3 என்ற எண்ணுக்கு அடியில் சிவப்புப் பேனாவால் இரண்டு கோடு.

இந்த இடத்தை நான் ஒளிக்காமல் எழுதப் போகிறேன். அதற்காகத்தான் உட்கார்ந்தேன்.

நான் கிரேன் பக்கத்தில் போய், "கொஞ்சம் நிறுத்துங்க" என்றேன்.

"என்ன சார்?"

"காத்து கொஞ்சம் கூடுதலா இருக்கு. நாலு மணிக்குப் பொறவு தூக்கலாம்."

ஏன் அப்படிச் சொன்னேன்? எப்படியாவது நிறுத்திவிட்டால் போதும், பிறகு தனியாக லாசர் அண்ணனைக் கூப்பிட்டு மெல்லச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு குறுக்கு வழி. என் படம் தப்பு என்று அத்தனை பேர் முன்னால் வாய் வரவில்லை.

யாரிடம் போய்க் காற்றைப் பற்றிச் சொல்கிறேன் பாருங்கள்! லாசர் அண்ணன் கடல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். கயிறு பிடித்திருந்த பெரியவர் ஒருவர் சத்தமாகக் கேட்டார்.

"சாரே, இதக் காத்துண்ணு சொன்னா எனக்க பெண்டாட்டி விடுத மூச்சுக்கு என்ன பேரு வைக்கிறது?"

ஒரே சிரிப்பு. இன்னொருவர், "லேய், சாருக்க சட்டையைப் பிடிச்சுக்கிடுங்கலே, பறந்துரப் போறாரு" என்றார்.

நானும் சேர்ந்து சிரித்தேன். அதை மறக்க முடியவில்லை. அந்த மரத்தின் கீழே ஒரு ஆள் நிற்கும்போது நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மரத்தைச் சுற்றிக் கொக்கியில் மாட்டியிருந்த பெல்ட்டைப் பார்க்க வேண்டும் என்றேன். இது இரண்டாவது சாக்கு. ஆப்பரேட்டர் பொறுமைசாலி. இறங்கி வந்து மேலே கையை நீட்டிப் பெல்ட்டைக் காட்டினார். புது பெல்ட். "போதுமா சார்?" என்று கேட்டுவிட்டு ஏறிக்கொண்டார். "எடை சரியா இருக்கும்லா?" என்று நான் கேட்டேன். அவர் கண்ணாடியில் ஒட்டிய படத்தைத் தட்டிக் காட்டினார்.

"நீங்கதானே சார் போட்டிருக்கிய. எறும்பு எடைகூட விடாம புள்ளி மூணுண்ணு. பாருங்க, எப்படிப் பூவாட்டம் எந்திக்குது!"

உண்மைதான், லேசாகத்தான் எழுந்தது. அதுதான் அதில் உள்ள ஏமாற்று. ஒரு முனை தரையில் ஊன்றியிருக்கும்வரை பாதிக்கு மேல் எடையைத் தரைதான் சுமக்கிறது. கிரேனுக்கு ஒரு டன்கூட வந்திருக்காது. மரம் நேராக நின்று, அடித்தட்டைப் பீடத்து போல்ட்டுகளுக்கு மேல் கொண்டுபோக ஒரு சாண் தூக்குவார்கள் பாருங்கள், அந்த ஒரு சாணில் முழு எடையும் ஒரேயடியாகக் கிரேன் மேல் விழும். அதுவரை எல்லாம் நான் பயந்தது பொய் என்றுதான் காட்டும். எனக்கே ஒரு நொடி ஆசை வந்தது. ஒருவேளை ஒழுக்கு மட்டும்தானோ, உள்ளே முழுக்க அடைக்கவில்லையோ. பேசாமல் இருந்துவிடலாமோ.

மரம் நேராக வந்தது. கயிறுகள் விறைத்தன. சூசை கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து உட்கார்ந்தார். தட்டின் ஓட்டைகள் போல்ட்டுக்கு நேராக வருகின்றனவா என்று பார்க்க இரண்டு கையையும் தட்டுக்கு அடியில் கொண்டுபோனார்.

"தூக்குலே!" என்று லாசர் அண்ணன் கை காட்டினார்.

அப்போது கத்தினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"தூக்காதீங்க! படத்துல இருக்கது தப்பு! நான் போட்ட எடை தப்பு! ரெண்டாயிரத்து நானூறு கிலோ இருக்கு!"

ஆப்பரேட்டர் லீவரில் இருந்து கையை எடுத்துவிட்டார். என்னைப் பார்த்தார். தன் தலைக்கு மேலே ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்தார். எவ்வளவு நீட்டினால் எவ்வளவு தூக்கலாம் என்ற பட்டியல் அது. உதடு மட்டும் அசைந்தது. பிறகு அமைதியாகச் சொன்னார்.

"சூசை அண்ணே, கைய எடுங்க. பைய பொறத்த போங்க. பந்தல்ல நிக்கவங்க எல்லாரும் வெளிய வாங்க."

மரத்தை வந்த வழியே இறக்கிப் படுக்க வைக்க இருபது நிமிஷம் ஆயிற்று. படுக்க வைத்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

லாசர் அண்ணன் என் முன்னால் வந்து நின்றார். "உள்ள காங்கிரீட்டுண்ணு ஒங்ககிட்ட நான் சொன்னேனா இல்லியா?"

"சொன்னிய அண்ணே. நான் எழுதல."

"இப்ப கொடி? ஆறு மணிக்கு ஊரே வந்து நிக்கும். மொத நாளே கொடி ஏறாம திருவிழா தொடங்குனா அடுத்த வருஷம் வர இதத்தான் பேசுவானுவ."

"ஆளு விழாம இருக்கதப் பேசட்டு" என்றார் பங்குத்தந்தை. அதற்குப் பிறகு கொஞ்சம் சத்தம் அடங்கியது.

வழி சொன்னது ஆப்பரேட்டர்தான், நான் அல்ல. என் தலை அப்போது வேலை செய்யவில்லை. "முழுசா ஏன் தூக்கணும்? துண்டாத்தானே வந்துது, துண்டாவே தூக்குவோம்" என்றார். கீழ்த் துண்டு ஆறு மீட்டர்தான். அதற்குக் கிரேனின் கையை முழுக்க நீட்ட வேண்டாம், அந்த அளவில் இரண்டு டன் தாங்கும். அதை முதலில் பீடத்தில் நிறுத்தி முடுக்கிவிடலாம். மேல் துண்டு இரண்டும் சேர்ந்து எவ்வளவு என்று என்னைக் கேட்டார்.

எண்ணூறு என்று சொல்ல வாயெடுத்தேன். நிறுத்திக்கொண்டு, "உள்ள எது வர அடைச்சிருக்கிய?" என்று கொத்தனாரைக் கேட்டேன். நடுத் துண்டு முழுக்க, மேல் துண்டு காலி என்றார். ஆப்பரேட்டர், "தட்டிப் பாருங்க" என்றார். சுத்தியலை வாங்கி மேல் துண்டை அடி தொடங்கி நுனி வரை தட்டிக்கொண்டே போனேன். மணி மாதிரி ஒலித்தது. நடுத் துண்டைத் தட்டினேன், கல்லைத் தட்டினது மாதிரி. அதற்குப் பிறகுதான் சொன்னேன், "சுமார் எண்ணூறு. ஆயிரம்ணு வச்சுக்கிடுங்க."

கீழ்த் துண்டைத் தூக்கினபோது எல்லோரையும் விலக்கி நிறுத்தினார்கள். கயிறு மட்டும் தூரத்தில் இருந்து. அது தரையை விட்டு எழுந்த நொடியில் மண்ணில் அழுந்தியிருந்த கிரேனின் பின்டயர் இரண்டும் பாரம் குறைந்து மேலே எழும்பப் பார்த்தன. விழவில்லை, தாங்கியது. ஆனால் கஷ்டப்பட்டுத் தாங்கியது என்பது அங்கே நின்ற சின்னப் பிள்ளைக்கும் தெரிந்தது. இந்த ஒரு துண்டுக்கே இப்படி. முழு மரத்தையும் கை நீட்டித் தூக்கியிருந்தால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. பெண்டாட்டி மூச்சைப் பற்றிப் பேசின பெரியவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

மேல் துண்டுகளும் ஏறின. ஏணி வைத்து ஏறிப் பையன்மார் போல்ட் முடுக்கினார்கள். கொடி அரை மணி நேரம் பிந்தி ஏறியது.

அதன் பிறகு நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எடைக் கட்டத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்: "சுமார். இரும்பு மட்டும், உள்ளே காலி." மாடலில் இருந்து எண் தானாக வரட்டும், தடையில்லை, அந்த வரியை மட்டும் ஒவ்வொரு படத்திலும் கையால் எழுதுவேன். எழுதும்போது அந்தப் பொருளை எவன் தூக்குவான், தூக்குமுன் அதற்கு என்னவெல்லாம் செய்வான் என்று ஒரு தடவையாவது நினைக்க வேண்டி வரும். நாம் வரைவது வேறு, அங்கே போய்ச் சேர்வது வேறு. உப்புக்காற்று அடிக்கிற ஊரில் பைப் காலியாக இருக்காது. உங்கள் ஊரில் வேறு ஏதாவது இருக்கும், கேட்டால்தான் சொல்வார்கள். அதற்கு முன் கரையோரமாகக் கொடுத்திருந்த படங்களையெல்லாம் தேடி, வாங்கினவர்களுக்குப் போன் செய்தேன். இரண்டு ஊருக்கு நேரில் போனேன். முதலாளி ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவரே அந்த வரியைப் படத்தில் அச்சடிக்கச் சொன்னார். அச்சடிக்க வேண்டாம் என்றேன். அச்சடித்ததை யாரும் வாசிப்பதில்லை, எழுதுகிறவனே வாசிப்பதில்லை.

இவ்வளவும் உங்களுக்குப் பயன்படும். ஆனால் இதற்காக நான் மூன்று தடவை எழுந்து போகவில்லை.

அன்று சாயங்காலம் கொடி ஏறத் தொடங்கும்போது நான் மதில் ஓரமாகத் தனியாக நின்றேன். வேட்டும் பாட்டுமாக இருந்தது. சூசை இரண்டு கிளாஸில் கட்டன் காப்பி கொண்டு வந்தார். கடும் சூடு, பாலில்லாத காப்பி. ஒன்றை என் கையில் கொடுத்தார்.

"குடிங்க சாரே. நல்ல வேள நீங்க வந்திய. இல்லேண்ணா எனக்க பிள்ளையளுக்கு இண்ணைக்குத் திருவிழா இல்ல."

அவருக்குத் தெரியாது. குனிந்து வேலை செய்துகொண்டிருந்தவர், நான் எப்போது வந்தேன் என்று பார்த்திருக்க மாட்டார். கத்தினதை மட்டும்தான் கேட்டிருக்கிறார். நான் பேசாமல் காப்பியைக் குடித்திருக்கலாம். என்னால் முடியவில்லை.

"சூசை, நான் அப்ப வரல. நான் வந்து கொஞ்சம் நேரம் ஆச்சு. காத்துண்ணு சொன்னேன், பெல்ட்டுண்ணு சொன்னேன். எனக்குத் தெரியும். தப்பைச் சொல்ல வெக்கப்பட்டுட்டு நிண்ணேன்."

அவர் தன் காலைப் பார்த்தார். ஈர மண் ஒட்டியிருந்தது.

"எத்தற நேரம் சாரே?"

"ஏழெட்டு நிமிஷம் இருக்கும்."

கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. காப்பியை ஒரு மடக்குக் குடித்தார்.

"கடல்ல முங்கிக் கிடக்கவனுக்கு ஏழு நிமிஷம் எண்ணா வலிய நேரமாக்கும் சாரே."

அவ்வளவுதான் சொன்னார். என் கையில் இருந்த கிளாஸை வாங்கிக்கொண்டு, கொடி ஏறுகிற பக்கம் பிள்ளைகளைத் தேடிப் போய்விட்டார்.